மழைக்காட்டு விலங்கு ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போவது எப்படி?

ஆய்வு முகாமில் என் முதல் நாள் காலை. மூன்று மணி நேரம் நடந்தும் ஒரு விலங்குகூடக் கண்ணில் படவில்லை. திரும்பி வந்ததும் பதிவுத்தாளை எழுதாமலே நீட்டினேன். முகாம் பொறுப்பாளர் அதைத் திருப்பித் தந்தார். "பாதை எண், தொடங்கின நேரம், முடிச்ச நேரம், மழையா வெயிலா, எல்லாம் எழுதுங்க. விலங்குக் கட்டத்தில் சுழியம் போடுங்க. வெறுந்தாள்னா நீங்க போகவே இல்லைன்னு அர்த்தம். சுழியம்னா, போய்த் தேடினீங்க, கிடைக்கலைன்னு அர்த்தம்."

ஒரு காட்டில் ஒரு விலங்கு இருந்தும் எத்தனை முறை நம் கண்ணில் படாமல் போகிறது என்று கணக்கிட, அந்தச் சுழியங்கள் கட்டாயம் வேண்டும். முதல்முறை போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

படி 1: நல்ல திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகை வாய்ப்புகள் உண்டு. ஒன்று, நீங்கள் பணம் கட்டி ஓரிரு வாரம் போய் வருவது. 1971-இல் தொடங்கிய எர்த்வாட்ச், 1995-இல் தொடங்கிய ஆபரேஷன் வாலசியா போன்ற அமைப்புகளின் திட்டங்கள் இப்படி நடப்பவை. கட்டும் பணத்தில் ஒரு பங்கு ஆய்வுச் செலவுக்கே போகிறது. இன்னொன்று, ஆய்வாளர் ஒருவருக்குக் கள உதவியாளராகச் சில மாதங்கள் இருப்பது. இதில் சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கலாம். ஆனால் பொறுப்பு அதிகம், முன்அனுபவமும் கேட்பார்கள். முதல்முறைக்கு ஓரிரு வாரத் திட்டமே நல்லது.

விண்ணப்பிக்கும் முன் நேரடியாகக் கேளுங்கள். ஆய்வின் கேள்வி என்ன? தலைமை ஆய்வாளர் யார்? சேர்த்த தரவு இதற்கு முன் எங்கே வெளியானது? ஆய்வு அனுமதியில் தன்னார்வலர்களும் அடக்கமா? உள்ளூர் மக்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்களா? ஒழுங்காக நடக்கும் திட்டத்தில் இவற்றுக்கு உடனே பதில் வரும். குட்டிக் குரங்கைத் தூக்கிக் கொஞ்சலாம், புலியோடு படம் எடுக்கலாம் என்று ஆசை காட்டும் இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள். காட்டு விலங்கைக் கொஞ்சுவதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை, அந்த விலங்குக்குக் கேடுதான்.

படி 2: உடம்பைத் தயார்செய்யுங்கள்

புறப்படுவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். தென் அமெரிக்க, ஆப்பிரிக்க மழைக்காடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகும். வௌவால் ஆய்வு என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரை எது, வேண்டுமா என்பது போகும் இடத்தைப் பொறுத்தது. அதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். காட்டிலிருந்து உங்களைத் தூக்கி வரும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள்.

நடைப்பயிற்சிக்குச் சமதரை போதாது. முதுகில் பை மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்குங்கள். சேற்றில் இறங்கும்போதுதான் முழங்கால் வலி தெரியும்.

படி 3: பையைக் கட்டுங்கள்

பருத்தித் துணி வேண்டாம்; நனைந்தால் மழைக்காட்டில் காயவே காயாது. சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை இரண்டு போதும். ஒன்று காட்டுக்கு, ஈரமாகவே மறுநாளும் போட்டுக்கொள்வீர்கள். மற்றொன்று ராத்திரிக்கு, அதை எந்தக் காரணத்துக்காகவும் நனைக்காதீர்கள். ஆசியக் காடுகளில் ரத்தம் உறிஞ்சும் தரை அட்டை நிறைய உண்டு, முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறை வாங்குங்கள். தலைவிளக்கு, மாற்று பேட்டரி, விசில், கொசுவலை, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தாளில் மை பரவும்.

காலணியைப் போகும் முன்பும் வந்த பின்பும் சேறு போகக் கழுவி, கிருமிநாசினியில் நனையுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை, காலணிச் சேற்றோடு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகக்கூடும்.

படி 4: தானியங்கிக் கேமராவைப் பொருத்தப் பழகுங்கள்

உங்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் பெரும்பாலும் இதுதான் முதலாவது. கவனக்குறைவால் அதிகம் கெடுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விலங்குத் தடத்தின் ஓரமாக, காற்றில் ஆடாத மரம் ஒன்றைப் பாருங்கள். கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்துப் பட்டையால் இறுக்குங்கள். சிறுத்தை, புலி போன்றவற்றுக்கு அந்த உயரம் சரி. கேமராவின் உணரி, விலங்கின் உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் படம் எடுக்கிறது. வெப்பக் காட்டின் நண்பகலில் அந்த வித்தியாசம் குறைவு. அதனால் உணரியைக் கூர்மையாக வைப்பார்கள். கூர்மையாக வைத்தால், வெயில் பட்டுச் சூடான இலை ஒன்று ஆடினாலும் படம் விழும். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் இலைப் படங்கள் நிறைந்து பேட்டரி தீர்ந்துவிடும். ஆகவே எதிரே ஓரிரு மீட்டருக்கு ஆடும் இலை, கொடி, புல் மட்டும் வெட்டுங்கள். தடத்தையே சுத்தம் செய்துவிடாதீர்கள், விலங்கு வழி மாறும்.

அப்புறம் கேமராவின் தேதியையும் நேரத்தையும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் தப்பாக இருந்தால் விலங்கின் நடமாட்ட நேரம் எல்லாமே தப்பாகும். கேமரா எண், இடம், தேதி எழுதிய சிறு பலகையை எதிரே பிடித்து முதல் படம் எடுங்கள். விலங்கு போகும் உயரத்தில் குனிந்து தவழ்ந்து, உணரி விழிக்கிறதா என்று பாருங்கள். மூடும் முன் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு எறும்போ மணலோ இருந்தாலும் தண்ணீர் புகும், விரலால் தடவித் துடைத்துவிடுங்கள்.

ஜாகுவாரின் புள்ளிகளும் புலியின் வரிகளும் ஆளுக்கு ஆள் மாறும். இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல இருக்காது. தனித்தனியாக அடையாளம் காண வேண்டிய ஆய்வில் தடத்தின் இரு பக்கமும் கேமரா வைப்பது இதற்காகத்தான்.

படி 5: நடந்து எண்ணுங்கள்

விடியலில், நேர்கோடாக வெட்டிய பாதையில், மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நடப்பீர்கள். மர உச்சிகள் சேர்ந்த விதானத்தில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. அதனால் காதை நம்புங்கள். விழும் பழம், முறியும் கிளை, மேலே சட்டென்று நின்றுபோகும் பூச்சிச் சத்தம் எல்லாம் துப்பு.

விலங்கைப் பார்த்ததும் அது முதலில் இருந்த இடத்தை மனதில் குறித்து, பாதையிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். அது ஓடி நின்ற இடத்தை அளக்காதீர்கள். குறிப்பிட்ட பரப்பில் எத்தனை விலங்கு என்ற அடர்த்திக் கணக்கு முழுவதும் அந்த முதல் தூரத்தை நம்பியே இருக்கிறது. நான்கு குரங்கா ஐந்தா என்று சந்தேகமா? சந்தேகம் என்றே எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு எண்ணை மாற்றாதீர்கள்.

படி 6: மரம் அளக்கும் வேலை வந்தால் சந்தோஷப்படுங்கள்

விலங்கு பார்க்க வந்து மரம் அளப்பதா என்று பலருக்கு ஏமாற்றம். பனாமா கால்வாய்க்காகத் தேக்கிய ஏரியில் தீவாக நிற்கும் பாரோ கொலராடோவில், 50 ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள ஒவ்வொரு மரத்தையும் 1980-களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். விலங்கு தின்னும் பழமும் பதுங்கும் நிழலும் எப்படி மாறுகின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. அளவு நாடாவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும். அடிமரத்திலிருந்து பலகைபோல விரியும் பலகை வேர் உள்ள மரமானால் வேருக்கு மேலே. போன முறை பூசிய வண்ணக் கோடு இருந்தால் அதன்மேலேயே.

படி 7: பத்திரமாக இருங்கள்

பாம்பைவிட அதிகம் பயப்பட வேண்டியது தலைக்கு மேலே தொங்கும் பட்ட கிளைக்கு. கூடாரம் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். காற்று எழுந்தால் வழிகாட்டி சொன்ன உடனே நகருங்கள். கை வைக்கும் முன் மரத்தைப் பாருங்கள், முள்ளும் எறும்பும் இருக்கும். வழி தவறினால் அங்கேயே நின்று விசில் ஊதுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். உராங்குட்டான், கொரில்லா போன்றவற்றுக்கு நம் சளி உயிரையே எடுக்கக்கூடும்.

படி 8: கிளம்பும் முன்

பதிவுத்தாள் ஒவ்வொன்றையும் அன்றன்றே படம் எடுத்து ஒப்படைத்துவிடுங்கள். இறகு, விதை, ஓடு எதையும் எடுத்து வராதீர்கள். எல்லை தாண்டினால் சட்டப்படி குற்றமாகலாம். அரிய விலங்கின் படத்தை வெளியிடும் முன், எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறியை நீக்குங்கள், வேட்டைக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள். கடைசி நாள் ஆய்வாளரிடம் மின்னஞ்சல் முகவரி கொடுத்து, கட்டுரை வெளிவந்தால் அனுப்பச் சொல்லுங்கள். என் சுழியங்கள் சேர்ந்த கட்டுரை இரண்டு வருடம் கழித்து வந்தது. முறைகள் பகுதியில், நடந்த மொத்தக் கிலோமீட்டர் எழுதியிருந்த வரியை மூன்று முறை படித்தேன்.