நிறுத்தி வைத்த செகண்ட் ஹேண்ட் காரில் சத்தமா? ஃபியூஸில் கை வைக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் காது கூர்மையாகிவிடும். பூட்டிவிட்டு நாலு அடி நடந்தால் பின்னால் 'டிக்... டிக்'. நடுராத்திரியில் டிக்கிப் பக்கம் ஏதோ ரீங்காரம். விற்றவர் எதையோ மறைத்துவிட்டார் என்று மனசு அப்போதே தீர்ப்பு எழுதிவிடும். மறைத்திருக்கவும் கூடும். ஆனால் நிற்கும் காரில் கேட்கும் சத்தங்களில் பல, அந்தக் கார் ஷோரூமை விட்டு வந்த நாளிலிருந்தே வருபவை. அவற்றுக்கும் கோளாறுக்கும் வித்தியாசம் தெரியாமல் இறங்கும்போதுதான் நல்ல வண்டியும் கெடுகிறது.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, சத்தம் எங்கே என்று தேடக் கிளம்புவது. வண்டி முழுக்கத் தகடும் பிளாஸ்டிக்கும்தான். டேங்க் அருகே ஓடும் சின்ன பம்பின் அதிர்வு பின் சீட்டுக்கு அடியில் கேட்கும். பானெட்டுக்குள் தட்டும் ரிலே (கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) டேஷ்போர்டுக்குள் தட்டுவது போலிருக்கும். இடத்தை நம்பிப் பிரித்தால் தப்பான பாகத்தைப் பிரிப்பீர்கள். இன்ஜினை அணைத்து எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

அணைத்த உடனே, ஆரம்பத்தில் அடுத்தடுத்தும் பிறகு இடைவெளி கூடியும் வரும் 'டிக் டிக்', சூடேறிய சைலன்சர் குழாயும் அதன் வெப்பத் தடுப்புத் தகடும் ஆறிச் சுருங்கும் சத்தம். அரை மணிக்குள் தானாக ஓய்ந்துவிடும். ஏசி போட்டு ஓட்டி வந்திருந்தால் டேஷ்போர்டுக்குள் 'உஸ்ஸ்' என்று ஓர் இழுவை கேட்கலாம். அது குழாய்களுக்குள் ஏசி வாயுவின் அழுத்தம் சமமாவதுதான். ரேடியேட்டர் ஃபேன் சில நிமிடம் சுற்றுவதும் பல மாடல்களில் இயல்பு. சாவி கையில்தானே இருக்கிறது என்று அந்த நேரத்தில் ஃபேன் பக்கம் கையை நீட்டாதீர்கள்; சாவி இல்லாமலே அது திரும்பச் சுற்றத் தொடங்கும்.

சிறிது நேரம் கழித்து வருபவைதான் ஆளைக் குழப்பும். சில கார்களில் ஏசிக்குள் தேங்கிய ஈரத்தை உலர்த்த புளோயர் தானாக ஓடும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள சில வண்டிகளில், பிரேக் டிஸ்க் ஆறிச் சுருங்கியதும் மோட்டார் ஒருமுறை 'கிர்ர்' என்று இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றிலும் விசித்திரமானது டொயோட்டாவின் பல மாடல்களில் உண்டு. வண்டி நின்று சுமார் 5 மணி நேரம் கழித்து, பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று ஒரு பம்ப் சோதித்துப் பார்க்கும். இன்ஜின் முழுக்க ஆறியிருந்தால்தான் அளவு சரியாக இருக்கும் என்பதால் இவ்வளவு காத்திருப்பு. மாலையில் நிறுத்திய வண்டி நள்ளிரவில் முனகுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சில நிமிடம் முனகி நின்றால் பயப்பட வேண்டாம். விடிய விடிய ஓடினால் அது வேறு கதை: ரிலே ஒட்டிக்கொண்டு ஏதோ ஒரு மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கலாம்.

அடுத்த தவறு இதைவிட நுணுக்கமானது. சத்தத்தைப் பிடிக்க வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கதவைத் திறந்த கணமே வண்டி விழித்துக்கொள்ளும். சில மாடல்களில் டிரைவர் கதவைத் திறந்ததுமே பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ஓடும். சில ஹைப்ரிட் கார்களில் பிரேக் பம்ப் அழுத்தம் ஏற்றும். ஸ்மார்ட் சாவி பாக்கெட்டில் இருந்தாலே சில வண்டிகள் தூங்காது. தேடுபவரே புதுச் சத்தங்களைக் கிளப்பிவிட்டு அவற்றின் பின்னால் ஓடுவது இப்படித்தான். பழைய செல்போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு டேஷ்போர்டு மேல் வையுங்கள். பூட்டிவிட்டு, சாவியோடு தள்ளிப் போய்விடுங்கள். மறுநாள் போனை டிக்கியில் வைத்துப் பாருங்கள். ஒப்பிட்டால் முன்பக்கமா பின்பக்கமா என்பதாவது தெளிவாகிவிடும்.

பொறுமை இல்லாதவர்கள் நேராக ஃபியூஸ் பெட்டிக்குப் போவார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள், அல்லது பேட்டரி வயரையே கழற்றுவார்கள். சத்தம் நிற்கும்தான், கூடவே தடயமும் போய்விடும். மாட்டிய பிறகு ஆடியோ ரகசிய எண் கேட்கும், பவர் விண்டோ தன் அளவை மறந்திருக்கும். பேட்டரி இறங்குகிறதா என்று மல்டிமீட்டர் வைத்து அளப்பவர்களும் அவசரப்படுகிறார்கள். மீட்டரைத் தொடராக, அதாவது பேட்டரிக்கும் அதன் வயருக்கும் நடுவே இணைத்ததும் காரின் கம்ப்யூட்டர்கள் ஒருமுறை எழுந்து அடங்கும். மாடலைப் பொறுத்து அதற்கு ஒரு மணி நேரம் வரைகூட ஆகும். முழுக்க அடங்கிய காரில் பொதுவாக 50 மில்லிஆம்ப்புக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், வீட்டு உபயோக மீட்டரின் 10 ஆம்ப் ஃபியூஸ் அங்கேயே முடிந்துவிடும்.

பழைய காருக்கே உரிய சந்தேகம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் எதையும் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான்: முந்தைய உரிமையாளர் வெளியில் மாட்டிய சாமான்கள். அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், சென்ட்ரல் லாக், ஆம்ப்ளிஃபயர். சீரான இடைவெளியில் ஒரு 'கீச்' வந்தால், மறந்துபோன அலாரத்தின் உள் பேட்டரி தீரும் நேரமாக இருக்கலாம். சீட்டுக்கடியில் ஓயாத மெல்லிய காற்றுச் சத்தம் என்றால், ஆம்ப்ளிஃபயரின் குட்டி ஃபேனாக இருக்கலாம். சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டிய வயரை யாரோ நேரடி கரண்டில் முறுக்கிவிட்டிருப்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி வயரிங் துணி டேப் சுற்றி ஒழுங்காகப் போகும். அதன் மேல் பளபளக்கும் இன்சுலேஷன் டேப்பும் முறுக்கிய முனைகளும் தெரிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். மஞ்சள் கனெக்டர்களை மட்டும் தொடாதீர்கள், அவை ஏர்பேக் இணைப்புகள். சத்தத்தைக் கண்டுபிடிக்க வாங்கிய ஓபிடி கருவியை (காரின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறு விவரத்தைப் படிப்பது) செருகியபடியே விட்டுவிடுவதும் உண்டு. அதுவே வண்டியைத் தூங்கவிடாமல் பேட்டரியைக் குடித்துவிடும்.

டேஷ்போர்டுக்குள் விட்டுவிட்டு வரும் 'கடக் கடக்' அநேகமாக ஏசியின் சூடு-குளிர் கதவைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பல் உடைந்த கியர்தான். கதவுக்குள்ளோ கூரையிலோ 'களுக்' என்றால் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறது. ராத்திரி பானெட்டுக்குள் சுரண்டல் கேட்டால் எலி. வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்தச் சத்தத்துக்கும் துருநீக்கி ஸ்பிரேயை அடித்துப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ரப்பரும் பெல்ட்டும் பாவம்.

குறிப்பு எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாத சத்தங்களும் உண்டு. பேட்டரி கொதிப்பது போல் குமிழியிட்டு, அழுகிய முட்டை வாடை வந்தால், பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ வரக் கூடாது. வெளியேறுவதில் ஹைட்ரஜனும் இருக்கிறது. டெர்மினலைக் கழற்றப் போய் பொறி பறக்கவிடாமல், தள்ளி நின்று ஆளைக் கூப்பிடுங்கள். ரீங்காரத்தோடு பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலும் பானெட்டைத் திறந்து ஆராயாமல் தள்ளி நில்லுங்கள்.

மற்றவற்றுக்கு மெக்கானிக்கிடம் போகும்போது "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நேரக் குறிப்பையும் ரெக்கார்டிங்கையும் கொடுங்கள். அணைத்து ஐந்து மணி நேரம் கழித்து வரும் சத்தத்தைப் பத்து நிமிடத்தில் அவரால் கேட்க முடியாது. வண்டியை ஒரு ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.