மாரி மழைக்குள்ள நத்தாருக்கு இத்தாலி ஐசிங் குக்கீ செய்யிறது எப்பிடி

எங்கட சித்தி பலெர்மோவில இருக்கிறா, அங்க எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம், அவதான் எனக்கு இந்த குக்கீயைக் காட்டித் தந்தவ. தென் இத்தாலிப் பக்கம் இதை அஞ்ஜினெத்தி எண்டு சொல்லுவினம், நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் கல்யாண வீட்டுக்கும் செய்யிற பலகாரம். உள்ள கேக் மாதிரி மெத்தெண்டு இருக்கும், மேல வெள்ளை ஐசிங், அதுக்கு மேல கலர் கலரா குட்டி மணிமணியாத் தூவியிருக்கும். செய்யிறது லேசு. ஆனா திருகோணமலையில மார்கழி மாசம் ஐசிங் காயாது, அதுதான் எல்லாருக்கும் பிழைக்கிற இடம், அதனால அதைத்தான் கூடுதலாச் சொல்லப் போறன்.

ஏறத்தாழ 40 குக்கீக்கு கோதுமை மா 375 கிராம், பட்டர் 115 கிராம், சீனி 100 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ரெண்டு தேசிக்காயின்ர தோல் துருவினது. ஐசிங்குக்கு ஐசிங் சுகர் 250 கிராமும் தேசிப்புளியும். சீனி குறைவா இருக்கே எண்டு யோசிக்காதேங்கோ, இனிப்பு முழுக்க மேலதான் வரப்போகுது.

வாசத்துக்கு அவை போடுறது அனிஸ் எண்ட வாசனை விதை. இங்க அந்த எசன்ஸைத் தேடி அலைய வேண்டாம், எங்கட பெருஞ்சீரகத்தில இருக்கிற அனெத்தோல் எண்ட வாசப் பொருள்தான் அனிஸுக்கும் அந்த வாசத்தைக் குடுக்கிறது. ஒண்டரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை உரல்ல ஒரு இடி இடிச்சு, ரெண்டு மேசைக்கரண்டி சூடான பால்ல கால் மணித்தியாலம் ஊறப் போட்டு வடிச்சு எடுங்கோ. எனக்கு எசன்ஸை விட இதுதான் பிடிக்கும், அதோட எசன்ஸ் கனக்க அல்கஹோல்ல செய்யிறது, அங்க பழைய முறையில பட்டருக்குப் பதிலா பன்றிக்கொழுப்பும் போடுவினம், பக்கத்து வீட்டு முஸ்லிம் சனத்துக்குக் குடுக்கிறதெண்டா இதெல்லாம் பாக்க வேணும்தானே.

பட்டரும் சீனியும் வெளுக்கிற மட்டும் அடிச்சு, முட்டையை ஒவ்வொண்டா விட்டு அடியுங்கோ. கலவை திரைஞ்ச மாதிரித் தெரியும், பயப்படாதேங்கோ, மா விழுந்தா சேர்ந்திடும். வடிச்ச பால், தேசித்தோல் போட்டு, பிறகு மா, பேக்கிங் பவுடர், உப்பு மூண்டையும் அரிச்சுக் கொட்டி, மா மறையிற அளவுக்கு மட்டும் கிண்டுங்கோ. கையில ஒட்டும். ஒட்டுதே எண்டு மாவைக் கூட்டினா குக்கீ கல்லு மாதிரி வரும், அப்பிடிச் செய்யாம மூடி பிரிட்ஜில ஒரு மணித்தியாலம் வையுங்கோ, எங்கட வெக்கைக்கு பட்டர் இளகிறதாலதான் அந்த ஒட்டு.

கையில எண்ணெய் தடவி தேசிக்காயை விடச் சின்ன உருண்டையா உருட்டி ஒயில் பேப்பர்ல இடைவெளி விட்டு அடுக்குங்கோ. முடிச்சு மாதிரி வேணுமெண்டா விரல் மொத்தத்தில கயிறு திரிச்சு ஒரு முடிச்சுப் போடலாம், சித்தி அப்பிடித்தான் செய்வா. அவணை முதலே 180 பாகையில சூடாக்கி வைச்சு 10 இல்லாட்டி 12 நிமிஷம். மேல்பக்கம் சிவக்கக் கூடாது! 10 நிமிஷத்தில கத்தி நுனியால ஒண்டை மெல்ல நெம்பி அடியைப் பாருங்கோ, அடி மாரி பிஸ்கட் நிறத்தில இருந்து, மேல வெள்ளையா, விரலால தொட்டா திரும்ப எழும்பி வந்தா அதுதான் பதம். மேல சிவக்கட்டும் எண்டு விட்டா உள்ள காஞ்சு போயிடும். சின்ன அவண் எண்டா மேல் கம்பி கிட்ட இருக்கும், தட்டைக் கீழ் அடுக்கில வையுங்கோ.

இனி ஐசிங். குக்கீ முழுசா ஆற வேணும், இளஞ்சூட்டில தோய்ச்சா எல்லாம் வழிஞ்சு கீழ வந்திடும். நான் பால் விடுறதில்ல. ரெண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டுத் தொடங்கி, பிறகு தண்ணியை அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியா விட்டுக் குழைக்கிறன். கரண்டியைத் தூக்கினா நாடா மாதிரி விழுந்து, விழுந்த கோடு பத்து எண்ணுற மட்டும் அழியாம இருக்க வேணும். குக்கீயைத் தலைகீழாப் பிடிச்சு மேல்பக்கத்தை மட்டும் தோய்ச்சு, ஒரு திருகு திருகித் தூக்கி, சொட்டு நிண்ட உடன திருப்பி, அந்த நேரமே கலர் மணியைத் தூவுங்கோ. எல்லாத்தையும் தோய்ச்சுப்போட்டு கடைசியில தூவுவம் எண்டா முதல்ல தோய்ச்சது ஆடை கட்டியிருக்கும், ஒரு மணியும் ஒட்டாம உருண்டு போகும்.

வாடைக்காத்தும் மழையும் எண்டா காத்து முழுக்க ஈரம், சீனி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போன வருஷம் நான் 24ம் திகதி பின்னேரம் ஐசிங் போட்டன், வெளியில கொட்டு கொட்டெண்டு மழை, பாலையூற்றில மாமி வீட்டுக்குக் கொண்டு போக டப்பாவில அடுக்கினன், அங்க போய்த் திறந்தா எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி ஒரே கட்டி. அழுகையே வந்திட்டுது. இப்ப 21, 22ல சுட்டு ஐசிங் இல்லாம காத்துப் போகாத டப்பாவில வைச்சு, 23ம் திகதி இரவு சமையல் எல்லாம் முடிஞ்ச பிறகு ஐசிங் போடுறன். சோத்துப் பானை ஆவி போற குசினியில வைக்காதேங்கோ. ஜன்னலைச் சாத்திப்போட்டு அறைக்குள்ள ஃபேனுக்குக் கீழ, கம்பித் தட்டில விடியும் மட்டும் விடுங்கோ. காலமையும் பிசுபிசுத்தா அவணைக் கொஞ்சமாச் சூடாக்கி நிப்பாட்டி, கைவைச்சா வெதுவெதுப்பு மட்டும் தெரியேக்க உள்ள வைச்சு கதவை ஒரு விரல் அளவு திறந்து விடுங்கோ, அரை மணித்தியாலத்தில சரி வரும். விரலை மேல வைச்சு எடுத்தா ரேகை பதியக் கூடாது, அதுக்குப் பிறகுதான் டப்பா. அடுக்குக்கு இடையில ஒயில் பேப்பர் போட மறக்காதேங்கோ. பிரிட்ஜில வைச்சா வெளியில எடுத்த உடன வேர்த்துக் கலர் எல்லாம் ஊறிடும், வெளியிலயே நாலு நாள் நல்லா இருக்கும்.

தட்டு அனுப்பேக்க இன்னொண்டு, இதில முட்டை இருக்கு. திருவெம்பாவைக்கு விரதம் பிடிக்கிற சைவ வீடுகளுக்கு நான் பயத்தம் பணியாரம் வேற தட்டில வைச்சு அனுப்புறன், குக்கீத் தட்டைக் குடுக்கேக்க முட்டை போட்டது எண்டு வாயாலயும் சொல்லிப்போடுங்கோ.