செடி கொடுப்பதிலும் யோசனை சொல்வதிலும் நாம் செய்யும் தவறுகள்

மாடித்தோட்டம் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் கறிவேப்பிலைக்கு வந்து சேர்ந்துவிடும். செடி வைத்து இரண்டு ஆண்டுகளாகியும் வளரவில்லை, இலையெல்லாம் மஞ்சளாகிறது என்று ஒருவர் குறைபட்டுக்கொள்வார்; மற்றவர் சற்றும் தயங்காமல் "புளித்த மோர் ஊற்றுங்கள்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வீட்டில் அது பலித்தே இருக்கும். ஆனால் எதிரே இருப்பவரின் செடி எதனால் மஞ்சளாகிறது என்று ஒரு கேள்வியேனும் கேட்காமல் மருந்து சொன்னதுதான் அவர் செய்த தவறு; செடி வளர்ப்போரிடையே மிக அதிகமாகக் காணப்படும் தவறும் அதுவே.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் அன்று. கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதுமாக வெளிறினால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அதே முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. அந்தத் தோற்றம் நுனிக் கொழுந்துகளில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிவரும் வீடுகளில், மண்ணில் இரும்பு இருந்தும் அதை வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போவதால் இந்த மூன்றாவது வகை அடிக்கடி வரும். மோரின் புளிப்பு ஓரளவு உதவக்கூடிய இடம் அதுதான். தொட்டியின் அடித்துளை அடைபட்டு, நீர் தேங்கி, வேர் அழுகிக்கொண்டிருக்கும் செடிக்கு அதையே ஊற்றினால் அழுகல் விரைவுபடும், அவ்வளவுதான். வெண்டையிலோ இது தலைகீழ்: நரம்புகளே வலைப்பின்னல்போல் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், அதற்கு மோரும் மருந்தன்று, எந்த உரமும் மருந்தன்று, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. ஆகவே எந்த இலை, எந்தத் தண்ணீர், துளை வழியாக நீர் வடிகிறதா என்ற மூன்றையும் கேட்ட பிறகே வாய் திறப்பது நல்லது.

தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வதும் இதே வகை. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் அழுகுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சத்து நீரோடுதான் காய்க்குச் செல்கிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் வீட்டில் குறை மண்ணில் இல்லை, தண்ணீர் ஊற்றும் ஒழுங்கில் இருக்கிறது. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தப் போகமே முடிந்துவிடும்.

அடுத்தது அளவு. "கொஞ்சம் வேப்ப எண்ணெய் அடியுங்கள்" என்பதும், "பஞ்சகவ்யம் ஒரு மூடி விடுங்கள்" என்பதும் யோசனையே அல்ல; எந்தப் புட்டியின் மூடி என்பதைச் சொன்னவரே மறந்திருப்பார். பஞ்சகவ்யத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 3 சதவீதம், அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. வீட்டுச் செடிகளுக்கு வேப்ப எண்ணெய் 1 லிட்டருக்கு 5 மி.லி. போதும், ஆனால் அதை முதலில் சிறிது காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, தண்ணீர் பால்போல் வெளுத்த பிறகே தெளிக்க வேண்டும் என்பதையும், வெயில் தாழ்ந்த பின்பே தெளிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், கேட்டவர் எண்ணெய் மிதக்கும் நீரை நண்பகலில் அடித்துவிட்டு, மறுநாள் கருகிய இலைகளோடு நம்மிடம் வந்து நிற்பார்.

இடமும் காலமும் சொல்லப்படாத யோசனையும் பாதி யோசனைதான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் குளுமை எட்டும் கோவைப் பக்கத்து ஆடியும், மாலையில் இடிமழை பெய்து பகலெல்லாம் கொதிக்கும் சென்னையின் ஆடியும் ஒன்றாகா. சென்னை மாடியில் விதைத்த செடி ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தாங்கியாக வேண்டும். ஊட்டியில் ஆண்டு முழுதும் கேரட் எடுப்பவர், சமவெளியில் இருப்பவருக்கு அதைப் பரிந்துரைக்கும்போது மழை ஓய்ந்த பின் வரும் குளிர்மாதங்களைத் தவிர மற்ற காலத்தில் அது சரியாக வராது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

விதை கொடுப்பவர்கள் கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த காயையே முற்றவிட்டு, அதன் விதையை "நாட்டு விதை" என்று மனதார நம்பிக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த தலைமுறை தாயைப்போல் இருக்காது. நீளச் சுரையையும் குடுவைச் சுரையையும் அருகருகே வளர்த்தவரின் விதையும் அப்படித்தான், இரண்டும் ஒரே இனம் என்பதால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். பொட்டலத்தின்மேல் எடுத்த மாதத்தை எழுதாமல் கொடுப்பது இன்னொரு குறை. வெங்காய விதை ஓராண்டு கடந்தாலே முளைப்புத்திறனை வெகுவாக இழந்துவிடும். வாங்கியவர் தம் கைராசியை நொந்துகொள்வார்.

பெயர்க் குழப்பம் இதைவிட ஆபத்தானது. மஞ்சள் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி என்று கைமாறும் தண்டுகளில் பல, அழகுக்காக வளர்க்கும் சிங்கப்பூர் டெய்சி என்னும் படர்செடியே. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மற்றதன் இலை தடித்து, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். கீரையென்று சமைக்கப்போகும் ஒன்றைப் பூவின் நிறத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பது தகாது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். சித்தி வீட்டுக்கு அடுக்குச் செம்பருத்திக் கிளைகள் நான்கை வெட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவர் தொலைபேசியில், "ஏம்ப்பா, செடியோட பஞ்சும் சேர்த்துக் கொடுத்தியா?" என்று கேட்டார். இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டில், அரிசிமணி அளவுகூட இல்லாத வெண்பஞ்சாக மாவுப்பூச்சி இருந்திருக்கிறது. என் வீட்டுச் செடியில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புநீருக்காகவே அவை வருகின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சித்தியின் பப்பாளி வரை அது போய்விட்டது. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். இப்போதெல்லாம் கிளையை வெட்டியவுடன் கொடுப்பதில்லை. வேர்விட்ட பின் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி இரண்டு வாரம் வைத்து, இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து, எறும்பு ஏறவில்லை என்று உறுதியான பிறகே அனுப்புகிறேன்.

கூடவே ஒரு சீட்டும் போகும்: பெயர், வெட்டிய தேதி, என் வீட்டில் அதற்குக் கிடைத்த வெயில், நான் எத்தனை முறை அதைச் சாகடித்தேன் என்ற கணக்கு. செங்காந்தள் கிழங்கு கேட்பவர்களுக்கு மட்டும் சீட்டு சற்றுப் பெரியது. நம் மாநில மலர் என்ற பெருமையோடு வாங்கிப்போகும் அந்தக் கிழங்கு முழுவதும் நஞ்சு. உண்ணும் கிழங்கென்று எண்ணிச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் பெயரை எழுதும் முன்பே, "சாப்பிடக் கூடாது, சமையலறையில் வைக்கவும் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி, சீட்டைக் கிழங்கோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.