ஆம்ப் மாற்றும் முன் நாற்காலியை நகர்த்துங்கள்

போன மாதம் நண்பர் ஒருவரின் தம்பி போன் செய்தான். "அண்ணா, பேஸ் ஒரே குமுறலா இருக்குது. பெரிய ஆம்ப்ளிஃபையர் போட்டா சரியாயிருமா? கடையில அட்வான்ஸ் கொடுத்துட்டேன்" என்றான். பேஸ் என்றால் பாட்டின் தாழ்ந்த, கனமான ஒலி. போய்ப் பார்த்தேன். நீளம் 16 அடி, அகலம் 11 அடி ஹால். ஸ்பீக்கர்கள் டிவி யூனிட்டின் தட்டுக்குள் இருந்தன. சோஃபா எதிர்ச்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. 2009-ல் கோவையில் நான் குடியிருந்த வீட்டு ஹாலை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. அவன் செலவழிக்கப் போவதும் நான் அன்று செலவழித்த அதே வழியில்தான் என்று தெரிந்ததும் மனது கேட்கவில்லை. அதனால்தான் ஸ்பீக்கர் வைப்பதில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன்.

சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிச் செருகுவது, இடமும் வலமும் மாறிப்போவது போன்றவற்றைப் பெட்டியோடு வரும் கையேடே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவரோடு ஒட்டிய சோஃபா

பணம் போவது இங்கேதான்.

அப்போது நான் வாங்கியது சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி. கச்சேரி ஒலிப்பதிவு போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (கனமாக ஒலிக்கும் இடப்பக்கம்) எந்த அடிக்கும் ஒரே 'தும்' என்றுதான் கேட்கும். தொப்பியைக் கையால் அழுத்தி வழுக்கிக் கும்கி கொடுக்கும்போது நாதம் வழுக்கி ஏறி இறங்குவது காதில் விழவே இல்லை. ஆம்ப் சரியில்லை என்று நினைத்து அதை மாற்றினேன். பிறகு தடித்த கேபிள். அப்புறம் ஸ்பீக்கரையே பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இடுப்பு உயர டவர் ஸ்பீக்கர் வாங்கினேன். குமுறல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒன்றரை வருடம் இப்படியே போனது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விட்டது.

ஒருநாள் பெரியப்பா வந்திருந்தார். முழங்கால் வலி, தாழ்வான சோஃபாவில் உட்கார முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் சோஃபாவில் இருந்தபடியே பேஸைப் பற்றிப் புலம்ப, "நல்லாத்தானே கேக்குது? இதுல என்னடா குறை கண்ட?" என்றார். எழுந்துபோய் அவர் பக்கத்தில் குனிந்து கேட்டேன். தொப்பி தெளிவாக, அடிக்கு அடி தனியாகக் கேட்டது. திரும்பச் சோஃபாவுக்கு வந்தேன். அதே குமுறல். நான்கைந்து தடவை போய் வந்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் நான் விலைகொடுத்து மாற்றிய எதிலும் குறை இருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

காரணம் இதுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 32 அடி. 16 அடி ஹாலில் அதில் பாதி கச்சிதமாக அடங்கிவிடும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பி, ஓரிடத்திலேயே நிற்கும் நிலை அலையாகிவிடும். 70, 105 ஹெர்ட்ஸும் அதே மாதிரி. இவை எல்லாவற்றுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் சுவர். சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் அந்தச் சில சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும், மற்றவை அவற்றின் அடியில் அமுங்கிப்போகும். நான் வாங்கிய டவர் இன்னும் கீழே இறங்கி வாசிக்கும். சின்ன ஸ்பீக்கர் தொடாத 35 ஹெர்ட்ஸையும் அது எழுப்பிவிட்டது. காசு கூடக் கூடக் குமுறல் கூடியது அதனால்தான்.

அதற்காக ஹாலின் நட்டநடுவிலும் உட்காரக் கூடாது. அங்கே 35-ம் 105-ம் காணாமல் போய்விடும், பேஸ் வற்றிப்போன மாதிரி இருக்கும். பின்சுவரிலிருந்து ஹால் நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காருவது நல்ல தொடக்கம். 16 அடி ஹாலுக்கு அது 6 அடி. அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து காதால் முடிவு செய்யுங்கள். இடமே இல்லையென்றால் இரண்டு அடியாவது சுவரை விட்டு வாருங்கள். தலைக்குப் பின்னால் அரை அடியில் சுவர் இருந்தால், பாடகரின் குரல் நேராக வந்த ஒரு மில்லிசெகண்டுக்குள் சுவரில் பட்டும் வந்து சேர்ந்து கலங்கிவிடும்.

ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் சரிசெய்யலாமே என்று கேட்பார்கள். வீங்கிய சுரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அதுவும் அந்த ஒரு இருக்கைக்கு மட்டும். காணாமல் போன சுரத்தை ஏற்ற முடியாது. நேரே வரும் ஒலியை ஏற்றினால் அதை அழிக்கும் எதிரொலியும் சேர்ந்தே ஏறும்.

ஹால் குடும்பம் புழங்கும் இடம், சோஃபாவை நடுவில் போட வீட்டில் விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். சோஃபா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பாட்டுக் கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பரின் தம்பி வீட்டிலும் அதைத்தான் செய்தோம். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, முதலில் சோஃபாவில் உட்காரவைத்தேன், பிறகு நாற்காலியில். ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக் கடைக்கு அடித்தான். அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு 24 இன்ச் ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டான்.

ஷோகேஸுக்குள் பெட்டி

ஸ்டாண்ட் எடுக்கச் சொன்னது நான்தான். புது வீடு கட்டுகிறவர்கள் ஸ்பீக்கர் அளவுக்கே ஆசாரியிடம் பொந்து அடித்துவாங்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தட்டுப்பலகையும் சேர்ந்து அதிரும், பக்கப் பலகைகளில் பட்ட ஒலி குரலைக் கூண்டுக்குள் அடைத்த மாதிரி ஆக்கும், பின்னால் துவாரம் உள்ள ஸ்பீக்கருக்கு மூச்சுவிட இடமிருக்காது. நாளைக்கு வேறு ஸ்பீக்கர் வாங்கினால் அந்தப் பொந்தில் நுழையவும் நுழையாது.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால், ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு அரை இன்ச் வெளியே வரும்படி இழுத்து வையுங்கள். அடியில் ரப்பர் வையுங்கள். பின்துவாரத்தைப் பஞ்சால் அடையுங்கள்.

எல்லாப் பக்கமும் ஒரே தூரம்

ஸ்பீக்கரின் முகம் பின்னால் உள்ள சுவரிலிருந்து 2 அடியில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் பேஸ் 141 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை அழிக்கும். ஆண் குரலின் கனம் இருக்கும் பகுதி அது. மூன்றரை அடிக்கு இழுத்தால் அந்தப் பள்ளம் 80-க்கு இறங்கிவிடும், குரல் நிமிரும். இங்கே பலர் செய்யும் தவறு, ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவர், பக்கச்சுவர், தரை மூன்றுக்கும் தூரத்தை ஒன்றாகவே வைத்துவிடுவது. அப்போது மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஒரு பெரிய குழியாகிவிடும். 2 அடி, 2 அடி என்று அழகாக வைக்காதீர்கள். பின்னால் 3, பக்கத்தில் 2 என்று மாற்றி வையுங்கள்.

மூலை

வேண்டாம்.

ட்வீட்டர்

ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தரும் சின்ன வட்டம் இது. உட்கார்ந்தால் காது எங்கே வருகிறதோ அந்த உயரம்.

கண்ணால் அளப்பது

இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே, பெட்டி எதுவும் இல்லாத இடத்தில் பாடகர் நிற்கிற மாதிரி கேட்க வேண்டும். லண்டனில் ஆலன் ப்ளூம்லைன் 1931-ல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டது இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான்: சினிமாவில் நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வருவது அவருக்கு உறுத்தியது. ஒரு ஸ்பீக்கர் உங்களுக்கு ஒரு அடி கிட்டே இருந்தால் போதும், அதன் ஒலி 0.9 மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு வந்து பாடகரை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துவிடும். கண்ணுக்குச் சமமாகத் தெரிவது டேப்பில் நாலு இன்ச் தப்பாக இருக்கும். ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் உங்கள் மூக்கு வரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அதே அளவு இருக்கட்டும்.

ஜமுக்காளத்தை நம்பிப் பேஸை விடுவது

டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் கைதட்டினால் 'ட்ரிங்' என்று திரும்பும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால் ட்ரெபிளின், அதாவது உச்ச ஒலியின், கூச்சம் கொஞ்சம் தணியும். தடித்த திரைச்சீலையும் உதவும். ஆனால் 32 அடி நீள அலையை ஒரு விரிப்பு ஒன்றும் செய்யாது. பேஸுக்கு இருக்கையையும் ஸ்பீக்கரையும்தான் நகர்த்தியாக வேண்டும்.

குறி வைக்காமல் விடுவது

இவ்வளவும் சரிசெய்த பிறகு, மறுநாள் வீடு துடைக்கும்போது ஸ்டாண்ட் நகர்ந்துவிடும். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்ட ஹால் என்றால் கோடுகளே உங்களுக்கு அளவுகோல். ஸ்டாண்டின் முன் மூலைகள் இரண்டும் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை இன்ச் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு மூலையிலும், நாற்காலியின் முன்கால் வரும் இடத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் நகத்தளவு வெட்டி ஒட்டிவிடுங்கள்.