1911 பிஸ்டலில் விழும் பிறைக்கீறல்

கழற்றிய 1911 ரக பிஸ்டலைத் திரும்பப் பூட்டும்போது, இடப்பக்கம் ஸ்லைடு ஸ்டாப்புக்குக் கீழே, அதாவது மேலே முன்பின் நகரும் ஸ்லைடை நிறுத்திவைக்கும் லீவருக்குக் கீழே, பிறை போல ஒரு கீறல் விழும். லீவரைக் கீழிருந்து மேலே உரசித் தள்ளுவதால் வருவது. சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தல்.

தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பர் (சுடும் தோட்டா அமரும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கீறல் விழும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். லீவரின் தண்டை, பேரலின் அடியிலுள்ள சிறு இணைப்பான பேரல் லிங்கின் துளையில் நுழைத்து, ஸ்லைடிலுள்ள அரைவட்ட வெட்டுக்கு நேராக்கி, லீவரின் பின்பக்கம் முட்டும் ஸ்பிரிங் முனையான பிளஞ்சரை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் அமுக்கியபடி நேராக உள்ளே தள்ளுங்கள்.

கீறல் விழுந்துவிட்டதா? நீலம் பூசிய கார்பன் ஸ்டீல் என்றால், ஆல்கஹாலால் பிசுக்கைத் துடைத்து, சூடேற்றாமல் நீலம் ஏற்றும் ரசாயனமான கோல்டு புளூ தடவுங்கள். பிசுக்கு மிஞ்சினால் திட்டுத்திட்டாகும். பிறகு கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கோல்டு புளூ சரியாகப் பிடிக்காது. மறுநாளும் பாருங்கள்: மிச்ச ரசாயனம் துருவைக் கிளப்பும்.