யூனிட் ட்ரஸ்ட் உண்மையில் எவ்வளவு தந்தது? நீங்களே கணக்குப் பார்க்கலாம்

பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்தால், அதை எங்கே போடுவது என்ற பேச்சும் வந்துவிடும். நிலையான வைப்பு, நகை, சீட்டு என்றிருந்த மட்டக்களப்பு வீடுகளில் இப்போது யூனிட் ட்ரஸ்ட் (பலரின் காசைச் சேர்த்து ஒரு கம்பனி முதலீடு செய்யும் நிதியம்) பற்றியும் கேட்கிறார்கள். மாமியின் காசுக்காக இரண்டு நிதியங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. அனுமதி. நிதியத்தை நடத்தும் கம்பனி, இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் பாருங்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். காசு நிதியத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். முகவர் தன் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தந்தால் அத்தோடு எழும்பி வந்துவிடுங்கள்.

2. விலைகள். தொடங்கிய நாள், முடிந்த நாள் இரண்டின் யூனிட் விலைகளையும் எடுங்கள். நான் கூகுள் ஷீட்டில் போடுகிறேன். கம்பனி தரும் வண்ண வரைபடத்தை நம்பி முடிவெடுக்க மாட்டேன், அது எந்த நாளில் தொடங்குகிறது என்பதைத் தெரிவு செய்பவர்கள் அவர்கள்தான்.

3. வருமானம். அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். பங்கு நிதியங்களுக்கு (கம்பனிப் பங்குகளில் காசைப் போடுபவை) பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு விலை இருக்கும். கூடியது நீங்கள் கொடுப்பது, குறைந்தது உங்களுக்குக் கிடைப்பது. கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்: 25.00 ரூபாவுக்கு வாங்கினீர்கள். ஒரு வருடம் கழித்துக் கூடிய விலை 28.00, குறைந்த விலை 27.20. கூடியதைக் கூடியதோடு ஒப்பிட்டால் 12% வருகிறது. ஆனால் விற்றால் கைக்கு வருவது 27.20தான். ஆகவே உண்மையான வருமானம் 8.8%.

இன்னொன்று. முகாமைக் கட்டணமும், நிதியத்தின் சொத்தைப் பாதுகாக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரின் கட்டணமும் நிதியத்துக்குள்ளேயே கழிந்த பிறகுதான் யூனிட் விலை வருகிறது. அதை மறுபடி கழிக்காதீர்கள். வெளியேறும் கட்டணம் இருந்தால், அது குறைந்த விலையில் ஏற்கெனவே கழிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் கழியுங்கள்.

4. எதோடு ஒப்பிடுவது? பணச் சந்தை நிதியம் (குறுகிய காலக் கடன்களில் போடுவது) என்றால் மத்திய வங்கி வெளியிடும் திறைசேரி உண்டியல் வீதம், அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் வட்டி வீதம். பங்கு நிதியம் என்றால் கொழும்புப் பங்குச் சந்தையின் மொத்த வருமானச் சுட்டெண், அதாவது பங்கு விலையோடு கம்பனிகள் கொடுக்கும் பங்கிலாபத்தையும் சேர்த்தது. செய்தியில் சொல்லும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணில் பங்கிலாபம் சேராது. நிதியத்துக்கோ பங்கிலாபம் கிடைக்கிறது. அதனால் அந்தச் சுட்டெண்ணோடு வைத்துப் பார்த்தால் நிதியம் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். பணவீக்கத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அது 69.8%. அந்த வருடம் 20% தந்த நிதியம்கூட உங்கள் காசின் பெறுமதியைக் காப்பாற்றவில்லை.

5. கட்டணம். ஒரு இலட்சம் ரூபா வருடம் 10% வீதம் 10 வருடம் வளர்ந்தால் சுமார் 2,59,000. கட்டணம் 2% போய் 8% ஆனால் சுமார் 2,16,000. இடைவெளி 43,000 ரூபாவுக்கு மேல்! அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் ஜென்சன் 1968இல் வெளியிட்ட ஆய்வில், 1945 முதல் 1964 வரை 115 அமெரிக்க நிதியங்களைப் பார்த்தார். சராசரியாக அவை சந்தையிலுள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி அப்படியே வைத்திருப்பதைவிட நன்றாகச் செய்யவில்லை. போன வருடம் முதலாவதாக வந்த நிதியம் அடுத்த வருடமும் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டணம் மட்டும் வருடா வருடம் தவறாமல் போகும். ஒரே வகை நிதியங்கள் இரண்டு இருந்தால் நான் கட்டணம் குறைந்ததைத்தான் எடுப்பேன்.

பிறகு சேர்த்தது: கல்முனையிலிருந்து ஒருவர், தன் நிதியத்தின் விலை திடீரென்று விழுந்துவிட்டதே என்று எழுதியிருந்தார். பார்த்தால், அந்த வாரம் பங்கிலாபம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த தொகை அளவுக்கு யூனிட் விலை இறங்கும். அந்தத் தொகையை முடிவு விலையோடு கூட்டிவிட்டு 3ஆம் படியைச் செய்யுங்கள்.

காத்தான்குடித் தங்கச்சி ஒருத்தி ஷரீஆ நிதியத்துக்கு (இஸ்லாமிய முறைப்படி வட்டியைத் தவிர்ப்பது) என்ன செய்வது என்று கேட்டிருந்தா. அதைத் திறைசேரி உண்டியலோடு வைக்காமல், அதே வகையான இன்னொரு ஷரீஆ நிதியத்தோடு அதே திகதிகளுக்கு ஒப்பிடுங்கள். வங்கி முறிந்தால் வைப்புக் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி இதற்கும் உண்டா என்றும் கேட்டா. இல்லை. வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை உண்டு, யூனிட் ட்ரஸ்டுக்கு அது கிடையாது.