சமரச மையத்தில் விவாகரத்தையும் குழந்தையின் பொறுப்பையும் பேசி முடிக்கும் முறை

என் விவாகரத்து வழக்கு குடும்பநல நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருந்த நாளில், நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். சேர்த்து வைக்கத்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். முறையாகப் பிரிவதற்கும் அதே மேசைதான் என்பது பிறகே புரிந்தது.

படி 1: அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம். சமரசத்துக்கு அனுப்பும்படி உங்கள் வழக்கறிஞர் மூலம் நீங்களே கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று மாவட்டந்தோறும் உள்ளது. சமரசருக்கு நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வீட்டில் அடி உதை இருந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அஞ்சிக்கொண்டே ஒருவர் போடும் கையெழுத்து சமரசம் ஆகாது.

படி 2: சமரசர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் அமர்த்திப் பேசுவார். தனியே சொன்னதை உங்கள் அனுமதியின்றி மறுதரப்புக்குக் கொண்டுபோக மாட்டார். அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்கவும் முடியாது. ஆகவே பழைய குற்றப்பட்டியலை விட்டுவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.

படி 3: நான் இடறிய இடம் இதுதான். எங்கள் இடைக்கால ஏற்பாட்டில், "இருவருக்கும் வசதியான நேரத்தில் தந்தை குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டோம். எனக்கு வசதியான ஞாயிறு என் மனைவிக்கு வசதிப்படவில்லை, அவர் சொன்ன புதன்கிழமை எனக்கு அலுவலகம்; மூன்று மாதத்தில் மகளை நான் பார்த்தது இரண்டே முறை. அடுத்த அமர்வுக்கு ஆண்டு நாட்காட்டியை எடுத்துப்போய், முதல், மூன்றாம் சனி காலை பத்து மணி முதல் ஞாயிறு மாலை ஐந்து மணி வரை என்றும், அழைத்துக்கொள்வதும் திரும்ப விடுவதும் அவளுடைய பாட்டி வீட்டு வாசலில் என்றும், தீபாவளியும் பொங்கலும் ஆண்டு மாற்றி ஆண்டு என்றும், கோடை விடுமுறையில் பாதி என்னிடம் என்றும் எழுதினோம். காய்ச்சலால் ஒரு சனி தவறினால் ஈடாக எந்த நாள், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திடுவது ஆகியவையும் சேர்ந்தன. இதற்குக் கைப்பேசிச் செயலிகளைவிடச் சுவரில் மாட்டும் மாத நாட்காட்டியே மேல் என்பேன். இருவரும் ஒரே தாளில் விரல் வைத்துப் பேச முடிகிறது. குழந்தை வளர வளர இந்த ஏற்பாட்டை மாற்றக் கேட்கலாம். குழந்தையின் நலனுக்காக இத்தகைய உத்தரவுகளை மாற்றியமைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லியிருக்கிறது.

படி 4: ஜீவனாம்சத் தொகை, நகை, நிலுவையிலுள்ள மற்ற வழக்குகள் அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வரதட்சணைக் கொடுமை வழக்கை வெறுமனே திரும்பப் பெற முடியாது. உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து ரத்துப் பெற வேண்டும் என்பதால், அதற்கு ஒத்துழைப்பதாக ஒரு வரி கட்டாயம் தேவை.

படி 5: இந்து திருமணச் சட்டத்தின்கீழ், இருவரும் சேர்ந்து விவாகரத்துக் கேட்கும் பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நெடுநாள் பிரிவும், பணமும் குழந்தையும் குறித்த தீர்வும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: கையெழுத்திட்ட பின் ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, விவாகரத்துத் தீர்ப்பாணை வரும்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும். ஆகவே தொகை முழுவதையும் முதல் நாளிலேயே கொடுத்துவிடாமல், மனுத் தாக்கலின்போது ஒரு பகுதி, இறுதி விசாரணை நாளில் நீதிபதி முன்னிலையில் வரைவோலையாக மீதி என்று பிரித்து எழுதுங்கள்; நாங்கள் அப்படித்தான் செய்தோம்.